வேலைக்கு வா, குடியிருக்க வராதே!

வைட்ஃபீல்டில் பொட்டி தட்டிப் பிழைக்கும் நம்ம மக்கள் ஒரே வாயால் ரெண்டு புகார் சொல்வார்கள். "இந்த ஏரியாவுல இனிமே ஒரு கட்டடம்கூட வரக்கூடாதுங்க, தாங்காது" என்பது முதலாவது. "வீட்டு வேலைக்கு ஆளே சிக்க மாட்டேங்குது, சிக்குனாலும் நேரத்துக்கு வர மாட்டேங்கறாங்க" என்பது ரெண்டாவது. முதலாவதுக்குக் கிடைத்த பலன்தான் ரெண்டாவது என்பது மட்டும் யாருக்கும் உறைப்பதில்லை.

எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரே மாதத்தில் ரெண்டு மனு சுற்றுக்கு வந்தது. மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் உயரமான கட்டடம் வரக்கூடாது என்று ஒன்று. பின்பக்கத்து மனையில் இருக்கும் தகரக் கொட்டகைகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று இன்னொன்று. ரெண்டிலும் தமிழ்ப் பெயர்கள் தாராளமாக இருந்தன. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. "ஏன் பாஸ், நீங்க வேற கட்சியா?" என்றார் ஒருத்தர். ஆமாங்க, வேற கட்சிதான். வாட்ஸப்பில் அடங்காது என்பதால் இங்கே விலாவாரியாக எழுதுகிறேன்.

மேலேயும் கட்டாதே, கீழேயும் இருக்காதே என்று சேர்த்துச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேலைக்கு வா, ஆனால் குடியிருக்க வராதே.

முதலில் கொஞ்சம் பழங்கதை. நாம் வந்து இறங்கிய இந்த ஊரே ஒரு குடியேற்றம்தான். 1882இல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார், யூரேஷியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் குடியேறுவதற்காக இங்கே 3,900 ஏக்கர் நிலம் கொடுத்தார். அந்த முயற்சிக்கு முன்னால் நின்ற டி.எஸ். வைட் என்பவரின் பெயர்தான் ஊர்ப் பெயராச்சு. வந்தவர்களை வாழ வைக்க இடம் ஒதுக்கி ஆரம்பித்த ஊர், இன்றைக்கு வந்தவர்களைப் பார்த்து "எங்கிருந்து வந்தே?" என்று கேட்கிறது. அதுவும் யார் கேட்கிறார்கள்? போன தலைமுறையில் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய குடும்பங்கள்!

1990களில் ஐடிபிஎல் வந்தது. கர்நாடக அரசு, டாடா, சிங்கப்பூர் நிறுவனங்களின் கூட்டணி என்று மூன்று பேர் கூட்டாகக் கட்டியது. கண்ணாடிக் கட்டடம், தடையில்லா மின்சாரம், உள்ளேயே சாப்பாட்டுக் கடை என்று எல்லாம் சிங்கப்பூர் பாணி. ஆனால் சிங்கப்பூரிலிருந்து நாம் இறக்குமதி செய்தது பாதியைத்தான். சிங்கப்பூர்க்காரர்கள் வேலை செய்ய இடம் கட்டுவதற்கு முன்னாலேயே குடியிருக்க இடம் கட்டிக்கொண்டவர்கள். அங்கே வீட்டு வசதி வாரியம் 1960இல் தொடங்கியது. 1961 மே மாதம் புக்கிட் ஹோ ஸ்வீயில் தீ பிடித்துச் சுமார் 16,000 பேர் வீடிழந்தபோது, வெந்து போன அதே இடத்திலும் அக்கம்பக்கத்திலும் அடுக்கு வீடுகளை எழுப்பினார்கள். முதல் ஐந்து வருடத்தில் மட்டும் 50,000 வீடுகளுக்கு மேல். இன்று அந்த நாட்டுக் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் வாரிய வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரை முழுசாகக் கும்பிட வேண்டாம். அந்த அடுக்கு வீடுகளைக் கட்டப் போகும் நம்ம ஊர்த் தொழிலாளிகளைத் தனியாக டார்மிட்டரியில் அடைத்து வைத்ததும், 2020இல் கொரோனா அங்கேதான் காட்டுத்தீயாகப் பரவியதும் அங்கிருக்கும் நண்பர்களுக்கு நன்றாகவே தெரியும். வேலைக்கு மட்டும் ஆள் வேண்டும், ஆளுக்கு வீடு வேண்டாம் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. வைட்ஃபீல்டில் நாம் செய்திருப்பது அதைவிட மோசம். அங்கே டார்மிட்டரியாவது கட்டினார்கள். இங்கே அதுவும் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். உயரம் என்றதும் நமக்கு வரும் பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

சென்னையில் எஃப்.எஸ்.ஐ. என்பதைப் பெங்களூரில் எஃப்.ஏ.ஆர். என்பார்கள். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு, அவ்வளவுதான். 2,400 சதுர அடி மனைக்கு எஃப்.ஏ.ஆர். 2 என்றால் எல்லா மாடியும் சேர்த்து 4,800 சதுர அடி. பெங்களூரில் இந்த எண்ணை மனையின் அளவும் முன்னால் இருக்கும் ரோட்டின் அகலமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பெரிய மனை, அகல ரோடு என்றால் அதிகம். சின்ன மனை, சந்து என்றால் குறைவு. இதற்கான பெருந்திட்டம் 2007இல் வந்தது, பெயரே 2015ஆம் ஆண்டுக்கான திட்டம். அடுத்து வரவேண்டிய 2031 திட்டம் 2017இல் வரைவாக வெளிவந்து, அப்புறம் திரும்பப் பெறப்பட்டது. இதற்கிடையில் ஊர் என்ன, திட்டம் வரட்டும் என்று காத்துக்கொண்டா இருக்கும்?

ஊர் தன்பாட்டுக்கு வளர்ந்தது. எப்படி என்று பார்க்க மாரத்தஹள்ளி, முன்னேகொளாலா, குந்தலஹள்ளி சந்துகளுக்குள் ஒரு நடை போய் வாருங்கள். தர்ட்டி ஃபார்ட்டி சைட்டில் ஐந்து மாடி, ஆறு மாடி பிஜி. ஒரு கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவே கை நீட்டினால் சுவர் தட்டும். ஒரே படிக்கட்டு. மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே மீட்டர் பலகை, அதன் கீழே பைக் வரிசை. கல்லூரி முடித்து ஊரிலிருந்து முதல் வேலைக்கு வரும் நம்ம வீட்டுப் பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். நம் மெத்தப் படித்த சங்கங்கள் "நெருக்கம் கூடாது" என்று மனுப் போட்டுக்கொண்டிருந்த இருபது வருடத்தில் வந்த நெருக்கம் இது.

ஆக, நெருக்கம் வரலாமா வரக்கூடாதா என்பது கேள்வியே இல்லை. அனுமதியோடு வரப் போகிறதா, திருட்டுத்தனமாக வரப் போகிறதா என்பதுதான் கேள்வி. திருட்டுத்தனமாக வந்தால் என்ன ஆகும்? 2024 அக்டோபர் 22, பாபுசாபாளையா. விதிமீறிக் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடம் மழையில் அப்படியே சரிந்தது. ஒன்பது பேர் செத்துப் போனார்கள், கட்ட வந்த தொழிலாளிகள். தடை போட்டால் கட்டடம் நிற்பதில்லை. பில்லரில் கம்பி எத்தனை, படி எத்தனை, தீ வந்தால் எந்த வழி என்று கேட்க ஆள் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

மீறின பிறகு அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளும் அக்ரம சக்ரம திட்டத்தைப் பத்தி பெங்களூர்வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2016 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சரி என்றது, 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. முதலில் நியாயமான விதி போடாமல், எல்லாரையும் மீற வைத்து, அப்புறம் பணம் வாங்கி மன்னிப்பது என்ன ஆட்சி சாமி?

இப்போது தகரக் கொட்டகைக்கு வருவோம். இது கொஞ்சம் சூடான இடம்.

பிஜிக்குக் கூட வழியில்லாதவர்கள் எங்கே போவார்கள்? நம் குப்பையைப் பிரிப்பவர், வாசலில் காவலுக்கு நிற்பவர், பாத்திரம் தேய்க்க வரும் அம்மா, பக்கத்துக் கட்டடத்தில் கம்பி கட்டுபவர். சொந்தக்காரர் வருகிற வரை சும்மா கிடக்கும் மனையில் தகரமும் நீலத் தார்ப்பாயும் வைத்துக் கொட்டகை போட்டு, அதற்கு மாத வாடகை கொடுத்து இருக்கிறார்கள். இலவசமாக இல்லை, கவனியுங்கள். வாடகைக்கு!

2020 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. நமக்குப் பக்கத்தில் காரியம்மன அக்ரஹாரா. "இவங்கல்லாம் வங்கதேசத்துக்காரங்க" என்று ஒரு வீடியோ சுற்றிய சில நாளில், போலீஸ் பாதுகாப்போடு இயந்திரம் வந்து கொட்டகைகளைத் தரைமட்டமாக்கியது. இருந்தவர்களில் அசாம்காரர்கள், திரிபுராக்காரர்கள், ஏன் வட கர்நாடகத்துக்காரர்களே இருந்தார்கள். ஆதார், வாக்காளர் அட்டை என்று எடுத்துக் காட்டினார்கள். யார் பார்க்க? பி.யு.சி.எல். அமைப்பு உயர் நீதிமன்றம் போய், அந்த வாரமே மேற்கொண்டு இடிப்பதற்குத் தடை வாங்கியது. எந்தச் சட்டத்தின் கீழ் இவர்களைக் காலி பண்ணச் சொன்னீர்கள் என்று நீதிமன்றம் கேட்டதற்குப் போலீஸிடம் உருப்படியான பதில் இல்லை.

அந்த வீடியோவை "சூப்பர், சுத்தம் பண்ணட்டும்" என்று பகிர்ந்த தமிழ் நண்பர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் ஒரே கேள்வி. 1991 டிசம்பர் ஞாபகம் இருக்கா? காவிரி நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததும் இதே பெங்களூரில் தமிழர் வீடுகளும் கடைகளும் என்ன பாடு பட்டன? அப்போது அதிகம் அடிபட்டது பங்களாவில் இருந்த தமிழரா, குடிசையில் இருந்த தமிழரா? 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் வரிசையாக எரிந்தபோது, வாசலில் நின்ற வண்டியின் நம்பர் பிளேட்டை நாம் எத்தனை பேர் மறைத்து வைத்தோம்? "வெளியாள்" என்ற சொல் எப்படிச் சுடும் என்று தெரிந்தவர்கள் அதைக் கையில் எடுத்து அடுத்தவன் மேல் வீசலாமா?

இன்னொரு சங்கதி. இந்தியாவில் குடிசைவாசிகளின் உரிமை பற்றிய மிகப் பெரிய வழக்கு ஓல்கா டெலிஸ் வழக்கு. 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்றது அதில்தான். அகற்றலாம், ஆனால் முன்னறிவிப்பு கொடுக்காமல், அவர்கள் தரப்பைக் கேட்காமல் அகற்றக் கூடாது என்றது. அந்த வழக்கில் மனுப்போட்டவர்களில் ஒருவர் 1961இல் வேலை தேடிச் சேலத்திலிருந்து பம்பாய் போன நிலமற்ற கூலித் தொழிலாளி. 1981 ஜூலையில் அவர் குடிசையைப் பிய்த்துப் போட்டு, குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். வேலை தேடி அவர் மறுபடி பம்பாய்க்கே திரும்பினார். அசாம்காரருக்கு இன்று கிடைக்கும் பாதுகாப்பில் ஒரு சேலத்துக்காரரின் கண்ணீர் கலந்திருக்கிறது. அதை மறந்துவிட்டு மனுவில் கையெழுத்தா?

இனி வழக்கமாக வரும் எதிர்வாதங்கள்.

"தண்ணி எங்கே இருக்கு?" நியாயமான கேள்வி. 2024 கோடையில் டேங்கருக்கு நாம் நின்ற நிற்பு மறக்காது. ஆனால் மனுஷன் ஒரு நாளைக்குக் குடிப்பதும் குளிப்பதும் அவன் எத்தனையாவது மாடியில் இருக்கிறான் என்பதைப் பொறுத்ததில்லை. 40 கிலோமீட்டர் தள்ளிக் குடியேறினாலும் அதே தண்ணீர்தான் வேண்டும், கூடவே 40 கிலோமீட்டர் குழாயும் வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய காவிரி ஐந்தாம் கட்டம், ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர், நகரத்தோடு 2007இல் சேர்த்த 110 கிராமங்களுக்காக வந்தது. சேர்த்து 17 வருடம் கழித்துத் தண்ணீர்! ஊரைப் பரப்பிக்கொண்டே போனால் குழாய் எப்போதும் பின்னால்தான் ஓடிவரும்.

"டிராஃபிக் தாங்காதே?" அலுவலகத்துக்கு நடந்து போகிறவன் டிராஃபிக்கா, ஹொசக்கோட்டையிலிருந்து தினம் வண்டியில் வருகிறவன் டிராஃபிக்கா? 2023 மார்ச்சில் வைட்ஃபீல்டு மெட்ரோ கிருஷ்ணராஜபுரம் வரை வந்தது, அக்டோபரில் நகரத்தோடு இணைந்தது. ஆயிரக்கணக்கான கோடி கொட்டிப் பாதை போட்டுவிட்டு, நிலையத்தைச் சுற்றி யாரும் குடியிருக்கக் கூடாது என்றால் அந்த ரயில் யாருக்கு? கார் பார்க்கிங்குக்கா?

"நாங்க கடன் வாங்கி வாங்கின வீடு, மதிப்பு குறைஞ்சுடும்." இதுதான் உண்மையான காரணம், மற்றதெல்லாம் மேல்பூச்சு. அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் இருந்துகொண்டு இங்கே ரெண்டாவது வீடு வாங்கிப் போட்டிருக்கும் நண்பர்களும் இதையே சொல்கிறார்கள். உங்கள் கடன் எனக்குப் புரிகிறது, எனக்கும் மாதத் தவணை இருக்கிறது. ஆனால் வீடு பத்தாமல் இருப்பதால்தான் என் வீட்டுக்கு மதிப்பு என்றால், அந்த மதிப்பை யாரோ ஒருத்தர் வாடகையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய ஊர் இது. அந்த அட்வான்ஸுக்காக அப்பா ஊரில் நகையை அடகு வைத்த கதை நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2016இல், குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பாகத்தில் கூடுதலாகக் கட்டலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். 2021இல் ஒரே ஆண்டில் 20,000 வீடுகளுக்கு மேல் அனுமதி கொடுத்தார்கள். விதியை மாற்றாமல் இருந்திருந்தால் வாடகை இன்னும் ஏறியிருக்கும் என்று அங்கே ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வீடு நிறைய வந்தால் வாடகை அடங்கும். வெங்காயத்துக்குப் பொருந்தும் கணக்கு வீட்டுக்கும் பொருந்தும்.

"அப்ப பில்டர்காரன் இஷ்டத்துக்குக் கட்டட்டும்னு சொல்றியா?" இல்லவே இல்லை. இங்கேதான் அந்தப் பக்கத்து ஆட்களோடும் எனக்குச் சண்டை.

2013 ஜனவரி, கோரமங்கலா பக்கத்தில் ஈஜிபுரா. ஏழைகளுக்காக மாநகராட்சி கட்டிய அடுக்கு வீடுகள், சரியாகக் கட்டாததால் சில பிளாக்குகள் இடிந்து விழுந்தன. அதற்குப் பிறகு தகரக் கொட்டகையில் காத்திருந்த சுமார் 1,500 குடும்பங்களை நாலு நாளில் துரத்தினார்கள். நிலத்தில் ஒரு பாதி மாலுக்கு, மறுபாதி ஏழைகளுக்கு வீடு என்று தனியாரோடு ஒப்பந்தம். துரத்தப்பட்டவர்களில் பெரும்பகுதி தமிழ் பேசும் தலித் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும். பலருக்குக் கை காட்டப்பட்டது சர்ஜாபூர் ரோட்டுக்கு அப்பால் சூலிகுண்டே. காலி பண்ணிய இடமோ வருடக்கணக்கில் வேலிக்குள் சும்மா கிடந்தது.

சென்னையில் நமக்கு இந்தக் கதை இன்னும் நன்றாகத் தெரியும். 2000 முதல் கண்ணகி நகர், அப்புறம் பெரும்பாக்கம். நகர நடுவில் கூவம் ஓரமாக இருந்தவர்களைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே அடுக்கி வைத்தார்கள். வீடு கிடைத்தது, வேலை போச்சு. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போச்சு. அடுக்குமாடி கட்டியது தப்பில்லை, அதை இருந்த இடத்தில் கட்டாததுதான் தப்பு.

அதனால் என் கட்சி ரொம்ப எளிமையானது. கட்டு, நிறையக் கட்டு, ஆனால் இருக்கிறவனைத் துரத்தாமல் கட்டு. ரெண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. கட்டவே கூடாது என்றால் தகரக் கொட்டகை பெருகும். நிபந்தனை இல்லாமல் கட்டலாம் என்றால் ஈஜிபுரா பெருகும்.

2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் வைட்ஃபீல்டு கிழக்கு மாநகராட்சியில் வருகிறது. எப்படியும் புதிய விதிகள் எழுதப்படும். நம் சங்கங்கள் "வேண்டாம்" என்று மட்டும் எழுதாமல், கீழே உள்ளதைக் கேட்டு எழுதலாமே:

ஒன்று, சின்ன மனையில் நாலு மாடியைச் சட்டப்படி அனுமதியுங்கள். பதிலுக்கு ரெண்டாவது படிக்கட்டு, பொறியாளர் கையெழுத்து, தீயணைப்பு வழி ஆகியவற்றைக் கறாராகக் கேளுங்கள்.

ரெண்டு, மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கட்டுபவர்களுக்குக் கட்டாயக் கார் பார்க்கிங் விதியைத் தளர்த்துங்கள். அந்த இடத்தில் ஒற்றை அறை வாடகை வீடுகள் வரட்டும்.

மூன்று, பிரீமியம் எஃப்.ஏ.ஆர். என்று, பணம் கட்டினால் கூடுதல் மாடி கட்டும் வழி கர்நாடகச் சட்டத்திலும் வந்துவிட்டது. அந்தப் பணம் பொதுக் கஜானாவில் கரையக் கூடாது. எந்த வார்டில் கட்டடம் எழும்புகிறதோ அந்த வார்டிலேயே தொழிலாளர் வாடகை வீடுகளுக்குச் செலவாக வேண்டும்.

நாலு, கொட்டகையை எடுப்பதற்கு முன்னால் கணக்கெடுப்பு, எழுத்து மூலமான நோட்டீஸ், நடக்கிற தூரத்தில் மாற்று இடம். விதிமீறிய கட்டடத்தை இடிக்கக்கூடக் குறைந்தது 15 நாள் நோட்டீஸ் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. ரோடு, நடைபாதை, நீர்நிலை ஆக்கிரமிப்புகளுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் காரியம்மன அக்ரஹாராவில் இருந்தது தனியார் மனை, வாடகைக்கு விட்ட மனை. வாடகைக்கு இருப்பவன் ஆக்கிரமிப்பாளன் இல்லை.

இதையெல்லாம் கேட்டால் நம் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் வானம் கொஞ்சம் குறையும். குறையட்டும். அந்த ஜன்னலைத் துடைக்க வருகிற அக்காவுக்கு தர்மபுரியோ திருவண்ணாமலையோ சொந்த ஊர், குந்தாபூரோ குவாஹாத்தியோ, யாராக இருந்தால் என்ன? காலை ஏழு மணிக்கு வரணும் என்று எதிர்பார்க்கிற நாம், ராத்திரி ஏழு மணிக்கு அவர் எங்கே போய்ப் படுப்பார் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்த மனு உங்கள் குழுவுக்கும் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், உங்கள் அப்பாவோ தாத்தாவோ பெங்களூர் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் வந்து இறங்கிய முதல் ராத்திரி எங்கே தங்கினார் என்று வீட்டில் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போடுங்கள். திட்ட நினைப்பவர்கள் தாராளமாகத் திட்டலாம். ஆனால் "வெளியாள்" என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஏன்னா இந்த ஊரில் நாம் எல்லாருமே அதுதான்.